மனையை விற்கலாமா என்று கேட்ட சகோதரிக்கு

கேள்வி:

எங்களுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தம்பிக்கு 28 வயது. பாலிடெக்னிக் முடித்துக் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவன், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொல்லி ஆறு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு வந்தான். மனச்சிதைவு நோய் என்று டாக்டர் சொன்னார். மதுரையில் தனியாரிடம் காட்டுகிறோம். மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருக்கிறான். நன்றாக ஆனதும் நிறுத்திவிடுகிறான். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் 1,40,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. என் நகை ஐந்து பவுன் இரண்டு வட்டிக்கு அடகில் இருக்கிறது. அப்பா அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற வருடம் தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நான் தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 13,000. கணவருக்குத் தெரியாமல் சீட்டுப் பணத்தை எடுத்துத் தம்பிக்குச் செலவு செய்தேன். தெரிந்து பெரிய சண்டை. அப்பா பெயரில் நாலு சென்ட் மனை இருக்கிறது. மொத்தமாக எட்டு லட்சம் கட்டினால் தம்பியை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வதாக ஒரு தனியார் இல்லத்துக்காரர் சொல்கிறார். மனையை விற்றுக் கட்டிவிடலாமா? ஜி.எச்.சில் பவர் இல்லாத மாத்திரை தருவார்கள் என்கிறார்களே, உண்மையா? இன்சூரன்ஸ் ஏதாவது உண்டா? ஒரு மாதச் செலவைத் தனித்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

மனையை விற்க வேண்டாம். அந்த எட்டு லட்ச ரூபாய் ஏற்பாட்டுக்காக நிச்சயம் வேண்டாம். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம், ஆனால் அவர் முன்பணம் கேட்டு நெருக்கிக்கொண்டிருப்பார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லம், ஆசிரமம், மறுவாழ்வு மையம் என்று என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் இதற்கென்று மாநில மனநல ஆணையம் இருக்கிறது. அடுத்து, ஒருவரை அவர் விருப்பம் இல்லாமல் குடும்பத்தார் கேட்டுச் சேர்க்கும்போது முதலில் 30 நாட்கள் வரைதான் வைத்திருக்கலாம். அதற்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பரிசோதித்துச் சொல்ல வேண்டும், மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். விருப்பத்தோடு சேர்ந்தவர் வெளியே போகிறேன் என்றால் விட வேண்டும். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை உள்ளே வைத்திருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, “ஆயுள் முழுக்க” என்று அவர் உங்களிடம் விற்கும் சரக்கை விற்க அவருக்கே உரிமை இல்லை. மூன்று வருடம் கழித்து இல்லத்தை மூடிவிட்டுப் போனால் பணத்தை எங்கே போய்க் கேட்பீர்கள்?

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது குடும்பத்தார்தான், அதுவும் பணம் கட்டி. அந்தக் குடும்பங்களுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைப் போலவே களைத்துப் போயிருந்தார்கள். நல்ல முறையில் நடக்கும் இல்லங்களும் இருக்கின்றன. கொஞ்ச நாள் தங்கிப் பயிற்சி பெற அவை உதவும். அப்படிப்பட்ட இடம் மாதக் கட்டணம் வாங்கும். உங்கள் சொத்தின் விலையை விசாரித்துவிட்டு அதற்கேற்ற தொகை சொல்லாது.

இன்னொன்று, மனை அப்பா பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். உயில் இல்லாமல் அப்பா தவறியிருந்தால் அம்மா, நீங்கள், தம்பி மூன்று பேருக்கும் அதில் சம பங்கு. தம்பி கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. நோய் முற்றியிருக்கும் நேரத்தில் வாங்கிய கையெழுத்து என்றால் பின்னால் வழக்கு வரும். உங்கள் பக்கம் நல்லெண்ணம் இருந்தாலும் வில்லங்கம் வில்லங்கம்தான்.

சரி, நீங்கள் அனுப்பிய செலவுத் தாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தத் தாள்தான். மருத்துவமனையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் என்னிடம் வரும் குடும்பங்கள் “நிறைய ஆகுதுங்க” என்பார்களே தவிர, எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கொண்டுவருபவர்கள் குறைவு. நீங்கள் எழுதியிருப்பது இது: டாக்டர் ஃபீஸ் 700, மாத்திரை 2,460, மதுரை போய்வரக் கார் வாடகை 2,800, சத்து டானிக்கும் பொடியும் 850, லீவு போட்டதற்குச் சம்பளப் பிடித்தம் 450. மொத்தம் 7,260 ரூபாய். தாளின் ஓரத்தில் பென்சிலில், “அம்மா அவனுக்குத் தினம் சிகரெட்டுக்கு 60 தருவார்கள், அதைச் சேர்க்கவில்லை” என்று ஒரு வரி. அதைச் சேர்த்தால் இன்னும் 1,800. ஆகமொத்தம் மாதம் 9,060.

இதில் நோய்க்கு நேராகப் போவது டாக்டர் ஃபீஸும் மாத்திரையும், அதாவது 3,160. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் நோயைச் சுற்றி நிற்கும் செலவு. தேசிய அளவில் 2015-16ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை நடத்திய மனநல ஆய்வில், மனநோய் உள்ளவர் இருக்கும் வீடுகள் சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கையிலிருந்து செலவழிப்பதாகத் தெரிந்தது. விலைவாசி ஏறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் உங்கள் கணக்கு அதைவிட எங்கேயோ போய்விட்டது. பாதிக்கு மேல் குறைக்க வழி இருக்கிறது, தம்பியின் வைத்தியத்தில் ஒரு மாத்திரைகூடக் குறையாமல்.

டானிக்கையும் பொடியையும் நிறுத்திவிடுங்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மற்ற மருந்துகளோடு கொடுப்பதும் நல்லதல்ல. கார் ஏன் என்று கேட்கத் தேவையில்லை. ஒருமுறை பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு மாற்று, வைத்தியத்தை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது.

இங்கேதான் உங்கள் ஜி.எச். கேள்வி வருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1996ல் நாட்டில் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் அதைத் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சி. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கே வந்து பார்க்கிறார். உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்று அங்கே புறநோயாளிச் சீட்டு தரும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். அது சரிவராவிட்டால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஃபீஸ் கிடையாது, மாத்திரைக்கும் காசு கிடையாது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளைச் சமுதாய சுகாதார மையத்திலிருந்து மேல்நிலை மருத்துவமனைகள் வரை எல்லா அரசு இடங்களிலும் இலவசமாகத் தர வேண்டும் என்பது நான் மேலே சொன்ன அதே சட்டத்தில் இருக்கிறது. ஏழை பணக்காரர் வித்தியாசம் அதில் இல்லை. ஓய்வூதியம் வாங்கும் வீடு என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

“பவர் இல்லாத மாத்திரை” பேச்சு நான் தினம் கேட்பது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. ரிஸ்பெரிடோன் என்ற மனச்சிதைவு மருந்து எந்த அட்டையில் வந்தாலும் ரிஸ்பெரிடோன்தான். அரசு மாத்திரையில் பலன் இல்லை என்று சொல்லி வந்தவர்களிடம் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் பாதி மாத்திரை அப்படியே இருக்கும். கம்பெனி மாறும்போது ஓரிருவருக்குத் தூக்கமோ கைநடுக்கமோ கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்வார்.

ஜி.எச்.சில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் இருக்கும். போன மாதம் பார்த்த டாக்டர் இந்த மாதம் இருக்க மாட்டார். உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வாய்ப்பில்லை. சில சமயம் ஏதாவது ஒரு மாத்திரை ஸ்டாக் இல்லை என்பார்கள். முக்கியமாக அந்தக் கடைசிக் குறைதான் ஆபத்து, ஏனென்றால் உங்கள் தம்பிக்கு இரண்டு வாரம் மருந்து விட்டுப்போனால் போதும், நோய் திரும்பிவிடும். அதனால் கையில் எப்போதும் பத்துப் பதினைந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்படி, தீர்வதற்கு முன்பே போய் வாங்குங்கள். இல்லை என்று சொன்ன மாத்திரையை மட்டும் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி மாத்திரை விலையில் சிறு பங்குதான் ஆகும்.

மதுரை டாக்டரை ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்றில்லை. அடுத்த முறை போகும்போது, “இனி மாதா மாதம் ஜி.எச்.சில் வாங்கப் போகிறோம், இதுவரை நடந்த வைத்தியத்தை எழுதித் தாருங்கள்” என்று நேராகக் கேளுங்கள். எந்த மருந்து எவ்வளவு, எது ஒத்துக்கொள்ளவில்லை, எப்போது சேர்த்தது என்று ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரிடம் காட்டுவதென்றாலும் காட்டிக்கொள்ளலாம்.

இனி உங்கள் பெரிய செலவு. மாதம் 7,260ஐ நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். ஆனால் நகையை அடகுக்கு அனுப்பியது அது இல்லை, இரண்டு அட்மிஷன். இரண்டுமே மாத்திரையை நிறுத்திய பிறகு வந்தவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு அட்மிஷனுக்கு எழுபதாயிரம் ரூபாய் என்பது உங்களுக்கு ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல். ஆக, மூன்றாவது அட்மிஷன் வராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வீட்டில் மிகப் பெரிய சேமிப்பு. ஏன் நிறுத்துகிறான் என்று தம்பியிடம் சண்டை இல்லாமல் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் காரணம் இருக்கும்: உடம்பு போடுகிறது, காலையில் எழ முடியவில்லை, வாயில் எச்சில் ஊறுகிறது, ஆண்மை சம்பந்தமாக அக்காவிடம் சொல்ல முடியாத ஒன்று. அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள், மருந்தை மாற்ற இடமிருக்கிறது. தினம் மாத்திரை விழுங்குவதே தொல்லை என்றால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. ஃப்ளூபெனசின், ஹாலோபெரிடால் ஊசிகள் பழையவை, மலிவானவை, பலருக்கு நன்றாகக் கேட்கின்றன. மாதம் பல ஆயிரம் ரூபாய்க்குப் புது ஊசியும் உண்டு. அதை எழுதினால் பழையது ஏன் ஆகாது என்று தயங்காமல் கேளுங்கள். தம்பியின் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும், சாப்பாட்டில் கலந்து கொடுப்பது வேண்டாம். தெரிய வந்தால் சாப்பாட்டையும் நம்ப மாட்டார், உங்களையும் நம்ப மாட்டார்.

சிகரெட்டைப் பற்றி ஒன்று. நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் ஓலான்சபின் இருக்கிறது. சிகரெட் புகை இந்த மருந்தை உடம்பு சீக்கிரம் கழித்துவிடும்படி செய்கிறது. காசு கொடுத்து மாத்திரை வாங்கி, காசு கொடுத்து அதன் பலனையும் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் நாளைக்கே நிறுத்து என்று அம்மா 60 ரூபாயைக் கட் செய்தால் வீட்டில் ரகளைதான் மிஞ்சும். திடீரென்று நிறுத்தினால் மருந்து உடம்பில் ஏறி, நாள் முழுக்கத் தூங்கவும் கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து வரட்டும்.

அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பல குடும்பங்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் “தம்பிக்கு ஊனம் என்று எழுதி வாங்குவதா, நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்” என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அட்டையை யார் வீட்டுக் கதவிலும் ஒட்டப் போவதில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் உள்ள குழு பார்த்துச் சதவீதம் போடும். தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கையும் கேட்பார்கள். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகளுக்கு வழி.

இந்த இடத்தில் குடும்பங்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவதைச் சொல்கிறேன். குழுவின் முன்னால் போய் உட்கார்ந்ததும் அம்மாவுக்கு எங்கிருந்தோ ஒரு கௌரவம் வந்துவிடும். “இப்ப நல்லா இருக்கான் சார், எல்லாம் அவனே செஞ்சுக்குவான்” என்பார். அன்றைக்குக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிக் கூட்டிவந்ததே அக்காவாக இருக்கும். டாக்டர் கேட்டதை எழுதிக்கொள்வார், சதவீதம் குறைந்துவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. சாதாரணமான ஒரு நாளில் எத்தனை முறை சொன்னால் குளிக்கிறார், கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை வாங்கி வருகிறாரா, கடைசியாக நண்பர்களிடம் பேசியது எப்போது, வேலைக்குப் போய் எத்தனை நாள் நின்றார் என்று முன்னாலேயே எழுதிக்கொண்டு போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். சில வருடங்களுக்கு மட்டும் செல்லும் சான்றிதழ் தந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு புதுப்பிக்கலாம். அதை வைத்து மாத உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். இதே சான்றிதழ் வருமான வரி கட்டுபவர்களுக்கும் பயன்படும். தம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிக்காகப் பழைய வரி முறையில் 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். உடன்பிறந்தவரும் இதில் அடக்கம். உங்கள் சம்பளத்துக்கு வரி வராது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது. அப்பா அரசு ஊழியர், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர். அப்படியானால், மனநோயால் சம்பாதிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு, அம்மாவின் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்கத் தொடர விதி இருக்கிறது. வழக்கமான 25 வயது வரம்பு இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பொருந்தாது. எட்டு லட்சம் கட்டி நீங்கள் வாங்கப் பார்த்த ஆயுள்கால நிம்மதியில் பெரும்பங்கு அப்பா சம்பாதித்து வைத்துவிட்டுப் போனதிலேயே இருக்கலாம். ஆனால் அது தானாக வராது. அம்மா இருக்கும்போதே, அப்பா கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியர் வழியாகவோ, ஓய்வூதியம் வழங்கும் கருவூலத்திலோ, தம்பியின் பெயரைச் சேர்க்க மனு கொடுங்கள். மருத்துவக் குழுவின் சான்று கேட்பார்கள். நோய் எப்போது தொடங்கியது என்பதற்கான பழைய சீட்டுகள் கேட்பார்கள். அம்மாவுக்குப் பிறகு தம்பி சார்பில் யார் வாங்குவது என்றும் கேட்பார்கள். அம்மா தவறிய பிறகு இதைத் தொடங்கிய குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைவதைப் பார்க்கிறேன். அதனால்தான் சான்றிதழுக்கு இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன்.

இன்சூரன்ஸ் பற்றி அதிகம் நம்பிக்கை தர மாட்டேன். உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். மனநோய் என்றாலே கிடையாது என்று பாலிசியில் எழுதிவைத்திருந்த காலம் போய்விட்டது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், மனநோய்க்காகச் சேர்ந்து சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் பணம் தர மறுத்த காப்பீட்டு நிறுவனத்தைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் காப்பீடு பொதுவாகப் படுக்கையில் சேர்ந்தால்தான். உங்கள் பணம் கரைவதோ புறநோயாளிச் செலவில். தம்பிக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். நோயை மறைத்து எடுக்காதீர்கள், கட்டிய பிரீமியமும் வீண். நிராமயா என்று ஒரு அரசுக் காப்பீடு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கானது, மனச்சிதைவுக்கு வராது. வீட்டில் வேறு யாருக்காவது பாலிசி இருந்து, மனநோய் என்ற காரணம் காட்டி மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

நகைக்கு வருகிறேன். இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அதை மீட்டுக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ நகைக் கடனாக மாற்றினால் வட்டி ஏறக்குறைய பாதியாகும். மீட்பதற்கான பணத்துக்கு அம்மாவின் ஓய்வூதியச் சேமிப்பைக் கேளுங்கள். இதுவரை எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றது உங்கள் கழுத்து நகையும் உங்கள் சீட்டும்தான் என்பது கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. தம்பியின் செலவு முதலில் அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்தும், பிறகு அவனுக்கு வரப்போகும் உதவித்தொகையிலிருந்தும் போகட்டும். உங்கள் பங்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள், ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ. அந்தத் தொகையைக் கணவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கணவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தம்பிக்குச் செலவு செய்யாதே என்று அவர் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை, சொல்லாமல் எடுத்ததற்குத்தான் கோபப்பட்டிருக்கிறார். எவ்வளவு போகும், எப்போது நிற்கும் என்று தெரியாத செலவு எவரையும் பயமுறுத்தும். இந்தச் செலவுத் தாளை அவரிடம் காட்டுங்கள். 9,060 எப்படி மூவாயிரத்துக்குள் வரும் என்று அவரையே உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஜி.எச்.சுக்கு முதல் தடவை தம்பியைக் கூட்டிப்போக அவர் ஒரு அரை நாள் வருவாரா என்று கேளுங்கள். தம்பிக்கு அவர் மாமா. அக்கா சொல்லிக் கேட்காததை மாமா சொன்னால் கேட்கும் வீடுகள் உண்டு.

அம்மா குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வேண்டும் என்கிறாராம். போகட்டும். ஆறு வருடமாக மகனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அந்த இடம் தரும் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரண்டு நிபந்தனை மட்டும்: மாத்திரை ஒரு வேளையும் நிற்கக் கூடாது, கோயில் வாசலில் பரிகாரம் செய்கிறேன் என்று வரும் எவருக்கும் பணம் தரக் கூடாது.

இரவில் தம்பி தூங்காமல் உலாத்த ஆரம்பித்தாலோ, மறுபடி யாரோ கண்காணிக்கிறார்கள் என்று சொன்னாலோ மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவை எந்நேரமும் தமிழில் கிடைக்கும். நீங்களே தூங்க முடியாமல் கிடக்கும் இரவுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த எண் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சொத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. மனை இருக்கட்டும், அதில் தம்பியின் பங்கு அவன் பெயரிலேயே இருக்கட்டும். அம்மா தன் பங்குக்கு உயில் எழுதுவதானால், தம்பிக்காக அதை யார் எப்படி நிர்வகிப்பது என்பதையும் எழுதிப் பதிவு செய்யுங்கள். இதற்கு வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். மனநோய் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தம்பி பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

முதலில் ஜி.எச்., அதே நாளில் சான்றிதழுக்கு விண்ணப்பம், அது வந்ததும் கருவூலம். இடையில் இல்லத்துக்காரர் முன்பணம் கேட்டுப் போன் செய்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் எனக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.